லோரிப் புகையும் நமது நெஞ்சும்

"லோரின்னா புகை வரத்தானே செய்யும்? முப்பது வருசமா இந்தப் புகையிலதான் நிக்கிறோம். நமக்கு என்னா ஆயிடுச்சு?"

தோட்டத்தில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார். செம்பனைக் குலை ஏற்றுகிறவரும் இதைத்தான் சொல்வார், லோரி ஓட்டுகிறவரும் இதைத்தான் சொல்வார். காலையில் பிரட்டு முடியும்வரை லோரி இயந்திரம் ஓடிக்கொண்டே நிற்கும். அதன் பின்னாலேயே ஆட்களும் நிற்பார்கள். மாலையில் வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் துணியில் கறுப்பு ஒட்டும். அதைத் துடைத்துப் போட்டுவிட்டு மறுநாளும் அதே இடத்தில் போய் நிற்போம். பழகிப்போன கெடுதல் கெடுதலாகத் தெரிவதில்லை.

தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே! ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவோம். லோரி கறுப்பாகப் புகை கக்கினால் அந்த லோரிக்கு நோய் என்று அர்த்தம். அந்த நோய்க்குக் காரணம் உண்டு, மருந்தும் உண்டு. பட்டறைக்கு அனுப்பிச் சரி செய்யலாம். அந்தச் செலவு வண்டிக்குச் சொந்தக்காரருடையது. அவர் அந்தச் செலவைச் செய்யாமல் தள்ளிப்போட்டால், தொழிலாளி தன் நெஞ்சைக் கொடுத்து அந்தக் கடனைக் கட்டுகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

புகைக்குள் என்ன இருக்கிறது?

டீசல் எண்ணெய் இயந்திரத்துக்குள் காற்றோடு சேர்ந்து எரிகிறது. நன்றாக எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வெளியே வரும். காற்று போதாமல் எண்ணெய் அதிகமானால் அரைகுறையாக எரிந்து கரித்தூள் உண்டாகிறது. ஈர விறகை அடுப்பில் வைத்தால் சட்டியின் அடியில் கரி பிடிக்கிறதல்லவா? ஏறத்தாழ அதே சங்கதிதான்.

ஆனால் சட்டிக் கரியைச் சுரண்டி எடுத்துவிடலாம். டீசல் கரித்தூள் மிக மிக நுண்ணியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுக்கு மைக்ரோன் என்று பெயர். நம் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். டீசல் கரித்தூளில் பெரும்பகுதி ஒரு மைக்ரோனுக்கும் குறைவானது. செம்மண் சாலையில் பறக்கும் புழுதியில் பெரும்பகுதியை மூக்கு முடியும் தொண்டைச் சளியும் பிடித்து நிறுத்திவிடும். இந்தக் கரித்தூளோ நேரே நுரையீரலின் கடைசி அறைவரை போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் மிகச் சிறியவை இரத்தத்திலும் கலந்துவிடும். போதாததற்கு, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய தார் போன்ற பொருள்களையும் தன் மேல் ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

கரித்தூளோடு சில வாயுக்களும் வருகின்றன. நைட்ரஜன் ஆக்சைடு என்பது கண்ணையும் மூச்சுக் குழாயையும் எரிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் சேர்ந்தால் தலைவலி, மயக்கம், அதற்கு மேலும் போகும். டீசலில் கந்தகம் இருந்தால் கந்தக வாயுவும் சேரும்.

கந்தக விஷயத்தில் நாட்டில் ஒரு நல்ல மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. முன்பு விற்ற டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 500 பங்குவரை கந்தகம் இருக்க அனுமதி இருந்தது. 2021 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் யூரோ 5 தர டீசல் கட்டாயமாக்கப்பட்டது. இதில் 10 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. ஆகவே எண்ணெய் சுத்தமாகிவிட்டது. இயந்திரமும் அதே மாதிரி சுத்தமாக இருந்தால்தான் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உடனே தெரிகிற கோளாறுகள் நமக்குப் பழக்கமானவையே. கண் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும், தலை வலிக்கும், குமட்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் வந்துவிடும். புகையை விட்டு விலகிக் கொஞ்ச நேரம் நல்ல காற்றில் இருந்தால் இவற்றில் பல தணிந்துவிடும். தணிந்துவிடுவதால்தான் "ஒண்ணும் இல்ல" என்று நினைத்துவிடுகிறோம்.

ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும்போது கதை வேறாகிறது. மூச்சுக் குழாய்கள் ஓயாமல் வீங்கி, சளியோடு கூடிய நாட்பட்ட இருமல் தங்கிவிடுகிறது. நுரையீரலின் சக்தி குறைகிறது. முன்பு ஒரே மூச்சில் ஏறிய மேட்டை இரண்டு இடத்தில் நின்று ஏற வேண்டியிருக்கிறது. நுண்ணிய கரித்தூள் இரத்தக் குழாய்களையும் கெடுத்து, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் வழி வைக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது புற்றுநோய். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ், பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் இயங்குகிறது. டீசல் புகை "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்று அது 1988-இல் சொன்னது. 2012 ஜூன் மாதத்தில் அந்தச் சந்தேகத்தையும் நீக்கி, டீசல் புகை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலையும் ஆஸ்பெஸ்டாசும் உள்ள அதே பிரிவு அது.

இந்த முடிவுக்குப் பெருந்துணையாக இருந்தது தொழிலாளர்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிதான். அமெரிக்காவில் 8 சுரங்கங்களில் வேலை செய்த 12,315 பேரைப் பல்லாண்டு காலம் கவனித்து, அதன் முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். டீசல் புகையை மிக அதிகமாகச் சுவாசித்தவர்கள் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து, மிகக் குறைவாகச் சுவாசித்தவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்காக இருந்தது. சுரங்கம் மூடிய இடம். நம் தோட்டம் திறந்த வெளி. ஆகவே அதே அளவு ஆபத்து நமக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் லோரிக் கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு வேலை செய்கிற பிட்டருக்கு அந்தக் கொட்டகையே சுரங்கம்தான்.

யார் அதிகம் சுவாசிக்கிறார்கள்?

முதலில் ஓட்டுநர். முன்னால் உட்கார்ந்திருக்கிறார், புகை பின்னால்தானே போகிறது என்று எண்ணிவிடக்கூடாது. புகைக் குழாய் இணைப்பில் ஓட்டை இருந்தால் புகை அடிப்பக்கமாகவே கிளம்பி உட்காரும் அறைக்குள் வந்துவிடும். "வண்டிக்குள்ள உக்காந்தா தலை வலிக்குது, எறங்குனா சரியாயிடுது" என்று ஓட்டுநர் சொன்னால், அவரை விட்டுவிட்டு முதலில் லோரியைச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது குலை ஏற்றுகிறவர்கள். லோரி ஊர்ந்து ஊர்ந்து நிற்கும். இவர்கள் அதன் பின்னாலேயே நடப்பார்கள். கனமான குலையைத் தூக்கும்போது மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் இழுக்கும். சும்மா நிற்கிறவரைவிடப் பல மடங்கு காற்று உள்ளே போகும், அதே அளவு புகையும் உள்ளே போகும்.

பிறகு கொட்டகையில் வேலை செய்யும் பிட்டர்கள். அப்புறம் லோரி போகும் சாலையை ஒட்டிய வீடுகளில் இருக்கும் தாய்மார்கள், வயதானவர்கள். கடைசியாகச் சொன்னாலும் முதலில் கவனிக்க வேண்டியவர்கள் குழந்தைகள். அவர்களுடைய நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஆயாக் கொட்டகை உள்ள தோட்டங்களில் அதன் வாசலில் லோரியையோ டிராக்டரையோ ஓடவிட்டு நிறுத்துவது பெரிய தவறு. பள்ளிப் பேருந்துக்கும் இதே பேச்சுத்தான்.

நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்லலாம்

நாக்கைப் பார்த்து டாக்டர் நோயைக் கண்டுபிடிப்பது போல, புகையின் நிறத்தைப் பார்த்து லோரியின் நோயை ஓரளவு சொல்லிவிடலாம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. குலை ஏற்றுகிறவரும் பார்த்துச் சொல்லலாம்.

கறுப்புப் புகை: எண்ணெய் அதிகம், காற்று குறைவு. காற்று வடிகட்டியில் புழுதி அடைத்திருக்கலாம். நம் செம்மண் சாலைகளில் இதுதான் அடிக்கடி நடப்பது. எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம். காற்றை உள்ளே தள்ளும் டர்போவிலோ அதன் ரப்பர்க் குழாயிலோ கசிவு இருக்கலாம். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் கறுப்பாகக் கக்கும்.

நீலப் புகை: இயந்திர எண்ணெய், அதாவது கறுப்பெண்ணெய், உள்ளே புகுந்து எரிகிறது. பிஸ்டன் வளையம், வால்வு, டர்போ இவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும்.

வெள்ளைப் புகை: விடியற்காலையில் முதல் முறை முடுக்கும்போது கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. இயந்திரம் சூடான பிறகும் வந்தால் எண்ணெய் எரியாமல் போகிறது, அல்லது குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே கசிகிறது என்று பொருள்.

புதிய லோரிகளில் இந்த நிறங்கள் எதுவும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. ஏன் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

புது லோரியில் உள்ள துகள் வடிகட்டி

புகை நச்சைக் குறைக்க, புதிதாக வரும் டீசல் வண்டிகள் பலவற்றில் சில கருவிகளைப் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றில் முக்கியமானது துகள் வடிகட்டி. தேனடை போலச் சிறுசிறு அறைகள் கொண்ட ஒரு பீங்கான் கட்டி, புகைக் குழாயின் நடுவில் இருக்கும். புகை அதன் சுவர் வழியாகக் கசிந்து வெளியே போகும்; கரித்தூள் உள்ளேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேலான கரித்தூளைப் பிடித்துவிடுகிறது. இதுவரை நம் நெஞ்சு செய்துகொண்டிருந்த வேலையை இப்போது இந்தக் கட்டி செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிடித்த கரித்தூள் நிறைந்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. புகையின் சூடு 600 டிகிரி அளவுக்கு ஏறும்போது உள்ளே இருக்கும் கரித்தூள் தானாக எரிந்து சாம்பலாகிவிடும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு நல்ல வேகத்தில் போகும் லோரிக்கு இது போகிற போக்கிலேயே நடந்துவிடும்.

நம் தோட்டத்து லோரியின் பிழைப்பு அப்படியல்ல. நூறு அடி போகும், நிற்கும், குலை ஏறும், மறுபடியும் நகரும். நாள் முழுவதும் ஊர்ந்தால் புகைக் குழாய் போதிய சூடு ஏறாது. கரி எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். அப்போது முன் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். "வடிகட்டி நிறைகிறது, எரிக்க வேண்டும்" என்று லோரி சொல்கிறது என்று அதற்குப் பொருள்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, கையேட்டில் சொன்னபடி கரியை எரிய விடுவது. சில லோரிகளைக் கொஞ்ச தூரம் நிறுத்தாமல் நல்ல வேகத்தில் ஓட்டினால் போதும். சிலவற்றை நிறுத்திவைத்து ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரம் தானே வேகம் பிடித்து, அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஓடிக் கரியை எரித்து முடிக்கும். நேரமாகிறது என்று மண்டோர் கத்துகிறார், ஓட்டுநர் பாதியில் நிறுத்திவிடுகிறார். இப்படி நாலு தடவை நடந்தால் மஞ்சள் விளக்கு சிவப்பாகும். லோரி தன் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டு மேடு ஏற மறுக்கும். பிறகு கம்பெனிப் பட்டறையின் கணினி வந்தால்தான் மீளும். அரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், மூன்று நாள் லோரியே இல்லாமல் நிற்க வேண்டிவரும். இந்தக் கணக்கை மண்டோருக்கும் கிராணிக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கரி எரியும்போது புகைக் குழாய் நெருப்பாகக் கொதிக்கும். காய்ந்த மட்டை மேலும் லாலாங் புல் மேலும் நிறுத்தி இதைச் செய்யாதீர்கள். தீப்பிடித்துவிடும். கொட்டகைக்குள்ளும் வேண்டாம். வெட்டவெளியில், வெறும் மண் தரையில், பிள்ளைகள் அண்டாத இடத்தில் செய்யுங்கள்.

இன்னொன்று. கரி எரியும், ஆனால் சாம்பல் எரியாது. அது வடிகட்டியிலேயே தங்கும். ஆகவே குறித்த காலத்தில் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். இயந்திர எண்ணெயும் சாம்பல் குறைந்த வகையாகவே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஏதோ ஒரு எண்ணெயை ஊற்றினால் வடிகட்டியின் ஆயுசு பாதியில் முடிந்துவிடும்.

உர யூரியாவை ஊற்றாதீர்கள்!

சில லோரிகளில் டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சிறிய தொட்டி இருக்கும். அதில் ஊற்றுவது ஆட்புளூ எனப்படும் யூரியாத் தண்ணீர். நூற்றுக்கு 32.5 பங்கு சுத்தமான யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இது சூடான புகையில் தெளிக்கப்பட்டு, எரிச்சலூட்டும் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது.

"யூரியாதானே, நம்ம ஸ்டோர்ல மூட்டை மூட்டையா இருக்கே, கரைச்சு ஊத்துனா என்னா?" என்று யாருக்கும் தோன்றும். கண்டிப்பாகக் கூடாது. உரத்துக்கான யூரியாவில் வேறு பல பொருள்கள் கலந்திருக்கும். குழாய்த் தண்ணீரிலும் உப்பு, சுண்ணாம்பு உண்டு. இவை தெளிப்பானை அடைத்து, உள்ளே இருக்கும் விலை உயர்ந்த கருவியைக் கெடுத்துவிடும். பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றுவதும் தவறு. இந்தத் திரவத்தைத் தவறி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டால் இயந்திரத்தை முடுக்கவே வேண்டாம். அப்படியே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். முடுக்கிவிட்டால் செலவு பல மடங்கு ஏறிவிடும்.

கையில் பட்டால் தண்ணீரில் கழுவினால் போதும். சிந்திய இடத்தில் வெள்ளையாக உப்புப் போலப் பூக்கும், அதையும் தண்ணீரில் கழுவிவிடலாம். லோரிக்குப் பின்னால் மூக்கைத் துளைக்கிற அம்மோனியா வாடை அடித்து, கண்ணில் தண்ணீர் வந்தால் இந்தக் கருவி சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். அதையும் எழுதிக் கொடுங்கள்.

பட்டறையில் நடப்பது

இனி நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். விளக்கு எரிகிற லோரி பட்டறைக்குப் போகிறது. சில இடங்களில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணே, மஞ்ச லைட்டு போக மாட்டேங்குது. மேடு இழுக்கல."

"ஃபில்டர் அடைச்சிருச்சு தம்பி. புதுசு போட்டா ஆயிரக்கணக்குல ஆவும். பேசாம உள்ள இருக்கிறத வெட்டி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல லைட்டையும் அமத்திடுறேன். லோரி பறக்கும் பாரு!"

லோரி உண்மையிலேயே பறக்கும். விளக்கும் எரியாது. முதலாளிக்குச் செலவும் குறைவு. எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் அன்று முதல் அந்தக் கரித்தூள் முழுவதும் குலை ஏற்றுகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது. வடிகட்டியை வெட்டி எடுத்த பட்டறை, தொழிலாளியின் நுரையீரலை வடிகட்டியாகப் பொருத்தி அனுப்பியிருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

புகைக் கருவிகளை ஏமாற்றும் வேலை சின்னப் பட்டறைகளில் மட்டும் நடந்ததல்ல. 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி அமெரிக்க அரசாங்கத்திடம் பிடிபட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டி, சாலையில் ஓடும்போது கூட்டிவிடும் தந்திரத்தை டீசல் கார்களின் கணினியில் வைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இது இருந்ததென்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில், ராம் என்னும் பிக்கப் வண்டிகளுக்கு டீசல் இயந்திரம் செய்துகொடுத்த கம்மின்ஸ் கம்பெனி மீது அமெரிக்க அரசாங்கம் இதே வகைக் குற்றச்சாட்டைச் சுமத்தியது. தவறை ஒப்புக்கொள்ளாமலே அந்தக் கம்பெனி 167 கோடியே 50 லட்சம் டாலர் தண்டம் கட்ட இணங்கியது. புகையை மறைப்பது சின்ன விஷயம் என்றால் இவ்வளவு பெரிய தண்டம் எதற்கு?

நல்ல பட்டறை எப்படி வேலை செய்யும்? வடிகட்டியை மாற்றுவதற்கு முன்னால் அது ஏன் அடைத்தது என்று பார்க்கும். இன்ஜெக்டர் ஒழுகலாம், டர்போவில் எண்ணெய் கசியலாம், புகையைத் திருப்பி உள்ளே விடும் வால்வு கரி பிடித்துச் சிக்கிக்கொண்டிருக்கலாம். அந்தக் காரணத்தை விட்டுவிட்டுப் புது வடிகட்டி போட்டால் சில மாதங்களில் அதுவும் அடைக்கும். சில நேரங்களில் வடிகட்டி நன்றாகவே இருக்கும். சூட்டையும் அழுத்தத்தையும் அளக்கிற சென்சர் மட்டும் பழுதாகியிருக்கும். அதற்குப் போய் வடிகட்டியை மாற்றுவது வீண் செலவு.

ஆகவே ஓட்டுநர் தோழர்கள் லோரியை விற்ற கம்பெனிப் பட்டறைக்கோ வேறு பட்டறைக்கோ போகும்போது வெறும் வாயால் சொல்லிவிட்டு வராமல், ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோக வேண்டும். எந்தத் தேதியில் விளக்கு எரிந்தது, எந்த நிறம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது, பாரம் இருந்ததா, புகை என்ன நிறம் என்று நாலு வரி போதும். பட்டறையில் கணினி காட்டிய கோளாறு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். விளக்கை மட்டும் அணைத்துவிட்டு "சரியாயிடுச்சு" என்றால் ஏற்காமல், பாரத்தோடு ஓட்டிப் பார்த்து எடுங்கள். உத்தரவாத காலத்தில் இருந்தால் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்கிக் கிராணியிடம் கொடுத்து, ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே கோளாறு மூன்று தடவை வந்தது என்று காட்ட ரசீதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம்மவர்களில் சிலர் குடும்பத்துக்காகச் சொந்தமாக டீசல் பிக்கப்போ வேனோ வாங்கியிருப்பார்கள். அவர்களுக்கு 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணையிருக்கிறது. விற்றவர் நியாயமாகப் பழுது பார்த்துத் தராவிட்டால், 50,000 வெள்ளி வரையிலான வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம். அங்கும் ரசீதுதான் பேசும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலையில் ஓடும் டீசல் வண்டிகளின் கறுப்புப் புகைக்கு 1996-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தர விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. புகை அளக்கும் கருவியில் 50 அலகுக்கு மேல் காட்டினால் குற்றம். கண்ணால் பார்த்தாலே கறுப்பாகத் தெரிகிற லோரியைச் சுற்றுச்சூழல் இலாகாவிடம் யாரும் புகார் செய்யலாம்.

"எங்க டிராக்டர் ரோட்டுக்கே வராதே?" என்று கேட்பீர்கள். தோட்டத்துக்குள் ஓடுவதற்கும் சட்டம் உண்டு. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, வேலையிடத்தில் தொழிலாளியின் உடல்நலத்தைக் காப்பது முதலாளியின் கடமை. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு கட்டாயம் இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. உடல்நலத்துக்கு ஆபத்து என்று புகார் செய்ததற்காக ஒருவரை வேலை நீக்கம் செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகவும் உரிமை உண்டு.

வேலையால் வந்த நோய்க்குச் சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். நம்மோடு குலை ஏற்றும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். புகை ஆளைப் பார்த்து நுழைவதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. பிரட்டு நேரத்திலும் குலை ஏற்றக் காத்திருக்கும் நேரத்திலும் இயந்திரத்தை நிறுத்துங்கள். இதற்கு ஒரு காசு செலவில்லை, எண்ணெயும் மிச்சம்.

2. ஓடும் லோரியின் புகைக் குழாய் எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்ப் பக்கமாக, காற்று வரும் திசையில் நின்று வேலை செய்யுங்கள்.

3. கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டுப் பழுது பார்க்காதீர்கள். ஓடவிட்டே ஆக வேண்டுமென்றால் வெளியே தள்ளுங்கள்.

4. காற்று வடிகட்டியைப் புழுதிக் காலத்தில் அடிக்கடி பாருங்கள். கறுப்புப் புகையில் பாதி இங்கேயே தீர்ந்துவிடக்கூடும்.

5. முகத்தில் துண்டு கட்டினால் புழுதி கொஞ்சம் குறையும், நுண்கரித்தூள் நிற்காது. என்95 முகக்கவசம் தூளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. எந்தக் கவசமும் பழுது பார்ப்பதற்கு ஈடாகாது.

6. ஆயாக் கொட்டகை, பள்ளி, கிளினிக் வாசல்களில் லோரியை ஓடவிட்டு நிறுத்த வேண்டாம் என்று தாய்மார்கள் ஒன்றுசேர்ந்து நிர்வாகத்திடம் கேளுங்கள்.

7. மூன்று வாரத்துக்கு மேல் இருமல், சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, மேடு ஏறினால் மூச்சு வாங்குதல் இவற்றில் எது இருந்தாலும் கிளினிக்குக்குப் போங்கள். காசநோயா என்றும் பார்க்க வேண்டும். "நான் லோரிப் புகையில் இத்தனை வருசம் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் கேட்காமல் விட்டாலும் அது உங்கள் சீட்டில் எழுதப்பட வேண்டும்.

8. சிகரெட்டை விடுங்கள். புகைக்கு மேல் புகை சேர்ந்தால் நெஞ்சு இரண்டு பக்கமும் அடிபடும்.

9. புகை கக்கும் லோரியின் எண், தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி, கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கைபேசியில் படம் எடுத்தால் இன்னும் நல்லது. தனி ஆளாகப் போய்ச் சொன்னால் "பாக்கலாம்" என்ற பதில் கிடைக்கும். பத்துப் பேர் கையெழுத்தோடு பாதுகாப்புக் குழுவுக்குப் போனால் அது கூட்டக் குறிப்பில் ஏறும். குறிப்பில் ஏறியதற்கு நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

தோழர்களே! செம்பனைக் குலையிலிருந்து எடுக்கிற எண்ணெயையும் இப்போது டீசலில் கலந்துதான் நாட்டில் விற்கிறார்கள். லோரியை ஓட்டுவது நம் உழைப்பு. லோரிக்குள் எரிவதிலும் நம் உழைப்பு இருக்கிறது. அதன் புகையையும் நாமே விழுங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாளைக் காலைப் பிரட்டில் உங்கள் லோரியின் புகைக் குழாயை ஒரு தடவை நின்று பாருங்கள். கறுப்பாக வந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுங்கள்.